கோடும் நிறமும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, கணினியிலும் கைத்தொலைபேசியிலும் படம் வரைவது பற்றியவை. முதற் கடிதத்தின் கேள்வி மற்ற மூன்றுக்கும் அடிப்படையாக இருப்பதால் அதற்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஒட்டுசுட்டானில் உயர்தரம் படிக்கும் மாணவி. சித்திரம் என் பாடங்களுள் ஒன்று. வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளை நிறுவி, அண்ணா வாங்கித் தந்த பென் டப்லெட்டில் (பேனையால் வரையும் மின்பலகையில்) வன்னி மன்னன் பண்டார வன்னியனை முழு உருவமாக வரைந்து வருகிறேன். முதற் கீறலில் உயிரோடு நிற்கிறார். கோட்டைத் துப்புரவாக இழுத்ததும் விறைத்துப் போகிறார். நிறம் போட்டு நிழலும் வைத்ததும் பிளாஸ்டிக் பொம்மை போல ஆகிவிடுகிறார். நிழலுக்குக் கறுப்பைத்தான் மெல்லியதாகப் பூசுகிறேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும்?

பதில்: தங்கைக்கு, நீங்கள் அனுப்பிய மூன்று நிலைப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். நிறத்தில் பிழை தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிழை நிறத்தில் தொடங்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நீங்கள் கீறல் நிலையில் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாததால் கோடு எங்கும் ஒரே தடிப்பில் வந்திருக்கிறது. நிழலுக்கும் ஒரு திசை கிடைக்காமல், ஒவ்வோர் உறுப்பின் ஓரத்தையும் சுற்றி அது வளையமாகப் படிந்திருக்கிறது. பொம்மைத் தோற்றம் அந்த வளையத்தால் வருவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் உருவத்தின் நிலை, வீதியோரச் சிலையைப் பார்த்து எடுத்தது என்று நினைக்கிறேன். பண்டார வன்னியனின் முகமாக நாம் சிலைகளில் காண்பது சிற்பிகள் தம் மனத்தில் கண்ட முகம். சிலையைப் பார்த்து வரைகிறவர் சீமெந்தின் விறைப்பையும் சேர்த்தே வரைகிறார். 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியவர் இந்த மண்ணில் வெய்யிலில் நடந்த மனிதர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அதே ஆண்டில் தோல்வியுற்ற இடமான கற்சிலைமடு உங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. ஒரு பின்னேரம் அங்கே போய், உங்கள் அண்ணாவை மண்வெட்டிப் பிடியொன்றை வாள்போல ஏந்தி நிற்கச் சொல்லிப் பாருங்கள். உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, அந்தக் காலின் பக்கம் இடுப்பு எவ்வளவு உயர்கிறது, அதற்கு ஈடாகத் தோள் எவ்வளவு தாழ்கிறது என்பவற்றைக் கொப்பியில் நாலைந்து கோடுகளால் குறித்துக்கொண்டு வந்தால், படத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

அதன்பின் கணினியில், படத்தாளின் மூலையில் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு சிறு உருவங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் முழுக்கக் கறுப்பால் நிரப்புங்கள். கறுப்பு நிழலுருவாகப் பார்க்கும்போதும் வாள் வாளாகவும் கை கையாகவும் பிரிந்து தெரிகிற உருவத்தை எடுத்துப் பெருப்பியுங்கள். வாள் உடலுக்குள் மறைந்துபோகிற உருவத்தை எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். வளர்ந்த ஒருவரின் உயரம் அவருடைய தலையைப் போல ஏறத்தாழ ஏழரை மடங்கு. வீரராகக் காட்ட விரும்பினால் எட்டு வரை போகலாம். உங்கள் படத்தில் ஆறு தலையளவே இருக்கிறது, ஆகவேதான் அவர் சிறுவன் போலத் தோன்றுகிறார். வரைகிறபோது அடிக்கடி விசைப்பலகையில் எம் (M) விசையை அழுத்தினால் கிரிட்டா படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றிக் காட்டும். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல், அப்போது உடனே தெரிந்துவிடும்.

கீறல் ஏன் உயிரோடு இருக்கிறது, துப்புரவான கோடு ஏன் இறந்துபோகிறது என்று பலரும் கேட்கிறார்கள். கீறலில் ஒரு கைக்கு ஐந்தாறு கோடுகள் கிடக்கும். பார்க்கிறவரின் கண் அவற்றுள் சரியானதைத் தானே தெரிந்துகொள்ளும். துப்புரவாக்கும்போது அந்தத் தெரிவை நாம் செய்ய வேண்டியிருக்கிறது. நாமோ கீழே கிடக்கும் கோட்டின்மேல் கோட்டை ஒட்டுவதிலேயே கவனமாகி, அது எந்தத் தசையைச் சுற்றி ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். கீறல் இருக்கும் அடுக்கை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற லேயரை, வெளிர்நீலமாக்கி அது தெரியும் அளவை இருபது வீதத்துக்குக் குறைத்துவிட்டு, மேலே புதிய அடுக்கில், முழங்கையிலிருந்து கையை அசைத்து ஒரே இழுப்பில் நீண்ட கோடுகளாகப் போடுங்கள். நடுக்கம் இருந்தால் தூரிகையின் நிலைப்படுத்தும் வசதியைச் சிறிது கூட்டலாம். அதிகம் கூட்டினால் கோடு றப்பர் போல இழுபடும். வெளிச்சம் படும் பக்கத்தில் கோடு மெலியட்டும். நிழற்பக்கத்திலும், தாடை கழுத்தின்மேல் வருவது போல ஒன்றன்மேல் ஒன்று வரும் இடங்களிலும் தடிக்கட்டும். இந்த ஒன்றைச் செய்தாலே நிறம் போடாத படத்திலும் வெய்யில் அடிக்கும்.

அடுத்தது தட்டை நிறம். தோல், வேட்டி, தலைப்பாகை, வாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுக்கு வைத்து, ஓரம் கலங்காத கெட்டித் தூரிகையால் நிரப்பினால் போதும். இதில் அலங்காரம் எதுவும் வேண்டாம். கோட்டில் சிறு இடைவெளிகள் இருந்தால் நிறம் வெளியே வழியும். உங்கள் பதிப்பின் நிரப்பும் கருவியில் இடைவெளி மூடும் அளவு என்று ஒன்று இருந்தால் அதைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் நிரப்புமுன் அந்த இடைவெளிகளைக் கோட்டால் மூடிவிடுங்கள். நிழலைத் தட்டை நிறத்துக்கு வெளியே போகாமல் கட்டுவதற்குக் கிரிட்டாவில் இன்ஹெரிட் அல்பா என்ற பொத்தான் உண்டு. அது தனக்குக் கீழே இருக்கும் எல்லா அடுக்குகளையும் பார்த்தே ஓரத்தைத் தீர்மானிக்கும். ஆகவே தோலின் தட்டை நிறத்தையும் தோலின் நிழலையும் ஒரு குழுவுக்குள் தனியாக அடைத்துவிட்டுத்தான் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். குழுவாக்காமல் அழுத்திவிட்டு, பின்னணி அடுக்கு கீழே இருப்பதால் நிழல் தாள் முழுவதும் பரவுகிறதே என்று கலங்கியவர்கள் பலர்.

இனி நிழல். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் படத்துக்கு வேண்டியது இதுதான்.

நிழலுக்குக் கறுப்புப் பூசக்கூடாது என்று சித்திர வகுப்புகளில் சொல்லுவார்கள். ஏன் என்பதைப் பின்னேரத்தில் வெளியே நின்று பார்த்தால் தெரியும். மாலை ஐந்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து மஞ்சள் வெளிச்சம் ஒருபக்கக் கன்னத்தில் விழுகிறது. மறுபக்கக் கன்னத்தில் சூரியன் படவில்லை என்றாலும் அங்கே இருட்டு இல்லை. வானத்தின் நீலம் அந்தப் பக்கத்தை மேலிருந்து தொடுகிறது. கீழே கிரவல் வீதியின் செந்நிறம் எழும்பித் தாடையின் அடியிலும் மூக்கின் அடியிலும் புயத்தின் உட்பக்கத்திலும் ஒட்டுகிறது. நிழல் என்பது அந்த இரண்டு வெளிச்சங்களும் சேர்ந்த இடம். கறுப்பைப் பூசும்போது நீங்கள் அந்த இரண்டையும் அணைத்துவிடுகிறீர்கள்.

கணினியில் இதைச் செய்யும் எளிய வழி, நிழல் அடுக்கின் கலப்பு முறையை, அதாவது அதன் நிறம் கீழடுக்கின் நிறத்தோடு சேரும் விதத்தை, மல்டிப்ளை என்பதற்கு மாற்றுவது. பெயருக்கேற்ப அது பெருக்குகிறது. கணினி ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரையான எண்களால் குறிக்கிறது. மேலுள்ள எண்ணையும் கீழுள்ள எண்ணையும் பெருக்கி 255 ஆல் வகுக்கும். உங்கள் தோல் நிறம் சிவப்பு 150, பச்சை 100, நீலம் 70 என்று வையுங்கள். அதன்மேல் மூன்றும் 170 ஆன சாம்பலை வைத்தால் 100, 67, 47 கிடைக்கும். அது அதே தோல், கொஞ்சம் அழுக்கான தோல். அதற்குப் பதிலாகச் சிவப்பு 180, பச்சை 160, நீலம் 200 என்ற மெல்லிய ஊதாவை வைத்துப் பாருங்கள். 106, 63, 55 வரும். எண்களில் சிறு வேறுபாடுதான். ஆனால் தோல் குளிர்ந்து, உள்ளே இரத்தம் ஓடுவது போன்ற ஒரு கபிலம் வந்துவிடும். அந்த நிழலை முதலில் கெட்டி ஓரத்தோடு, வெளிச்சத்தின் திசைக்கு மறுபக்கத்தில் மட்டும், பெரிய துண்டுகளாகப் போடுங்கள். கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், தாடைக்குக் கீழே கழுத்து, தலைப்பாகை நெற்றியில் விழுத்தும் நிழல், இவ்வளவும் சேர்ந்து ஒரே வடிவமாக இணையட்டும். கன்னம் போல உருண்ட இடத்தில் மட்டும் ஓரத்தை மென்மையாக்குங்கள். தலைப்பாகை விழுத்தும் நிழலின் ஓரத்தை மென்மையாக்காதீர்கள், அது வெய்யிலில் வெட்டினாற்போலத்தான் விழும். பின்னர் புதிய அடுக்கில், தாடையின் அடியில் மெல்லிய செம்மண் நிறத்தை ஒரு விரல் அகலத்துக்குத் தடவுங்கள். அந்த ஒரு தடவலோடு அவர் வெள்ளைத் தாளை விட்டு இறங்கித் தரையில் நிற்பார்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அடுக்கைக் கறுப்பால் நிரப்பி அதன் கலப்பு முறையைக் கலர் என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அப்போதும் முகமும் வாளும் பின்னணியும் பிரிந்து நின்றால் தொடரலாம். பிரியாவிட்டால், எந்த நிறத்தை மாற்றினாலும் பயன் இல்லை. வெளிச்சத்தின் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

முடிவு வேலை கொஞ்சம்தான். வாளின் விளிம்பில் ஓர் ஒளிக்கீற்று, கண்மணியில் ஒரு புள்ளி, தோலை ஒட்டிய கோடுகளைக் கறுப்பிலிருந்து கருங்கபிலத்துக்கு மாற்றுவது. பிறகு கணினியை மூடிவிட்டு, அடுத்த நாள் காலையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: பரந்தனில் வயல் வேலை செய்பவன். காலபோகம் முடிந்த நாட்களில் கைத்தொலைபேசியில் ஐபிஸ் பெயின்ட் என்ற வரைதல் செயலியில் வரைகிறேன். தொலைபேசியின் நினைவகம் 3 ஜிபி. ஏ4 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு லேயருக்குப் பின் செயலி தானாக மூடிவிடுகிறது. கணினி இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும், தம்பி. செயலி மூடுவதற்குக் காரணம் கணக்கு. அந்த அளவில் ஒரு தாள் 2480க்கு 3508, அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட் வேண்டும் என்றால் நிறைந்த ஓர் அடுக்குக்கு 35 எம்பி வரை போகும். பன்னிரண்டு அடுக்கும், நீங்கள் பின்வாங்குவதற்காகச் செயலி நினைவில் வைத்திருக்கும் படிகளும், தொலைபேசி தனக்கென்று எடுத்துக்கொள்வதும் சேர்ந்தால் 3 ஜிபி தாங்காது.

நீள அகலம் இரண்டையும் பாதியாக்கி 1240க்கு 1754 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கொன்றின் பாரம் காற்பங்காகிவிடும். திரையில் பார்ப்பதற்கு அது தாராளம். அச்சிட்டாலும் அஞ்சலட்டை அளவுக்குக் கூர்மை குறையாது. கோடு முடிந்ததும் கீறல் அடுக்கை அழித்துவிடுங்கள். வேட்டியின் நிறமும் நிழலும் உங்களுக்குத் திருப்தியானதும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். திரும்ப மாற்ற முடியாதே என்ற தயக்கம் வரும். ஒன்றாக்குமுன் ஒரு பிரதியை எடுத்து வைத்தால் அந்தத் தயக்கம் நீங்கும்.

விரலாலோ, முனையில் றப்பர் வைத்த மலிவான பேனையாலோ வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவை அழுத்தத்தை உணர்வதில்லை. அதனால் கோடு எங்கும் ஒரே தடிப்பாக வரும். தூரிகையின் அமைப்பில், கோட்டின் தொடக்கமும் முடிவும் தாமாக மெலியும்படி செய்யும் பகுதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, குறுகிய இழுப்புகளாக வரையுங்கள். நிழற்பக்கக் கோட்டின்மேல் இரண்டாம் முறை ஓடித் தடிப்பாக்குங்கள். மற்ற ஒழுங்கெல்லாம் மேலே ஒட்டுசுட்டான் மாணவிக்குச் சொன்னதுதான்.

கேள்வி: முள்ளியவளையில் இருந்து ஒரு தாய் எழுதுகிறேன். பதின்மூன்று வயது மகள் நாள் முழுதும் ஜப்பானியக் கார்ட்டூன் முகங்களையே வரைகிறாள். எல்லோருக்கும் பெரிய கண், சிறிய வாய், வெள்ளைத் தோல். நன்றாகத்தான் வரைகிறாள். ஆனால் அவளுடைய படத்தில் எங்களைப் போல ஒருவரும் இல்லை. இதைத் தடுக்க வேண்டுமா?

பதில்: அம்மா, தடுக்க வேண்டாம். அந்தப் பாணியில் வரைவதற்கும் கோட்டுத் துணிவும் துப்புரவும் வேண்டும். உங்கள் மகளிடம் அவை இருக்கின்றன. ஆனால் உங்கள் கடைசி வரியை நான் பலமுறை வாசித்தேன். எங்கள் பிள்ளைகள் ஆயிரம் முகம் வரைந்து, அதில் ஒரு முகமாவது வீட்டில் இருப்பவர்களுடையதாக இல்லாவிட்டால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது.

ஒரு வேலை கொடுங்கள். அம்மம்மாவை முற்றத்தில் இருத்தி, அவரை வரையச் சொல்லுங்கள். பாணியை மாற்றச் சொல்ல வேண்டாம், பார்த்து வரைய மட்டும் சொல்லுங்கள். வளர்ந்தவர்களின் தலையில் கண்கள் உச்சிக்கும் நாடிக்கும் சரிபாதியில் இருக்கும் என்பதையும், இரண்டு கண்ணுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கண்ணின் அகலம் இருக்கும் என்பதையும் அடிமட்டத்தால் அவளே அளந்து பார்க்கட்டும். வயது போகப் போகக் காது நீளும். தோட்டின் பாரத்தில் அம்மம்மாவின் காதுச் சோணை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கட்டும். கன்னச் சுருக்கத்தை ஒவ்வொரு கோடாக எண்ணி வரைய வேண்டாம். சிரிக்கும்போது மூக்கின் பக்கத்திலிருந்து வாய் வரை இறங்கும் மடிப்பு ஒன்றையும், கண்ணின் வெளி ஓரத்தில் விரியும் இரண்டு மூன்றையும் போட்டால் அம்மம்மா வந்துவிடுவார்.

நிறத்தில்தான் அவளுக்குச் சிரமம் வரும். செயலிகள் பலவற்றில் தோல் என்று தயாராக வைத்திருக்கும் நிறம் வெளிறிய இளஞ்சிவப்பு. அதிலிருந்து தொடங்கி இருட்டாக்கிக்கொண்டு போனால் சாம்பல் பூத்த தோல்தான் வரும். செம்மை கலந்த கபிலத்திலேயே நேராகத் தொடங்கச் சொல்லுங்கள். கருந்தோலுக்கு ஒரு சிறப்பு இருக்கிறது. தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் எந்த நிறத் தோலிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் கருந்தோலில் சுற்றியுள்ள பகுதி ஆழமாக இருப்பதால் அந்தத் தெறிப்பு பளிச்சென்று எழுந்து தெரியும். நெற்றி, மூக்கின் முதுகு, கன்ன எலும்பு, கீழுதடு ஆகிய இடங்களில் வானத்தின் வெளிர்நீலம் கலந்த சிறு ஒளியை அவள் வைத்துப் பார்க்கட்டும். வெள்ளைத் தோலில் கிடைக்காத அழகு அது. ஒருமுறை கண்டுவிட்டால் அவளே தேடி வரைவாள்.

வரைந்து முடித்த படத்தை அம்மம்மாவிடம் காட்டச் சொல்ல மறக்காதீர்கள்.

கேள்வி: வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் கோயில் திருவிழா மலருக்கு அட்டைப் படம் வரைந்து கொடுத்தேன். திரையில் மின்னிய பச்சையும் நீலமும் அச்சில் மங்கிப்போய் வந்தன. அச்சகத்தின் பிழையா, என் பிழையா?

பதில்: பெரும்பாலும் இருவருடையதும் அல்ல. திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களால் நிறம் காட்டுகிறது. அச்சு சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. திரையின் மின்னும் பச்சையும் ஆழ்நீலமும் மையால் எட்ட முடியாத நிறங்கள். அச்சு இயந்திரம் அவற்றுக்கு அருகிலுள்ள மங்கலான நிறத்தைத்தான் போட முடியும். என்னுடைய முதல் புத்தக அட்டையிலும் இதுதான் நடந்தது. நாற்று நட்டு இருபது நாளான வயலின் பச்சையைத் திரையில் பார்த்து மகிழ்ந்து அனுப்பினேன். அச்சாகி வந்தபோது அது அறுவடைக்கு முந்திய வயலாக இருந்தது.

கிரிட்டாவில் சாஃப்ட் ப்ரூஃபிங் என்ற வசதி, அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஓரளவு காட்டும். அச்சகத்தாரிடம் அவர்கள் பயன்படுத்தும் நிற அமைப்புக் கோப்பைக் கேட்டு வாங்கி அதில் இட்டால் இன்னும் நம்பலாம். திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டி வைத்து வரைகிறவர்களுக்கு அச்சில் எல்லாமே இருண்டு வரும். ஆகவே பகலில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்கு அருகில் பிடித்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரியுமட்டும் திரையைக் குறையுங்கள். மலர் முழுவதையும் அச்சிட ஒப்புக்கொள்ளுமுன், பச்சையும் நீலமும் தோலும் வருகிற ஒரு சாண் துண்டை மட்டும் அதே தாளில் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். அதைக் கடைக்குள் இருக்கும் மின்விளக்கில் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.